காக்கை பாடியவள்

சங்கப் புலவர்களில் சிலருக்கு அவர்கள் எழுதிய ஒரு தொடரே பெயராக நின்றுவிட்டது. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், கல்பொரு சிறுநுரையார் என்று வகுப்பில் இந்தப் பெயர்களைச் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் முகத்தில் வியப்பு தெரியும். ஒரு உவமைக்காக ஒருவர் தன் பெயரையே இழக்க முடியுமா என்ற வியப்பு அது. இந்த வரிசையில் ஒரு பெண் இருக்கிறார். காக்கைபாடினியார் நச்செள்ளையார். மற்றவர்களைப் போல அல்லாமல் இவருடைய சொந்தப் பெயரும் நமக்குக் கிடைத்திருக்கிறது. செள்ளை என்பது பெயர். 'நல்' என்பது அதற்கு முன்னொட்டு. ஆனாலும் பாடநூல்களும் வினாத்தாள்களும் அவரைக் காக்கைபாடினியார் என்றே அழைக்கின்றன. 'காக்கைபாடினியம்' என்ற யாப்பிலக்கண நூலை எழுதிய காக்கைபாடினியார் வேறொருவர் என்று ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்வதால், அவரோடு இவரைச் சேர்த்துக் குழப்பிக்கொள்வதும் நடக்கிறது. ஒரு பறவையின் பெயருக்குப் பின்னால் ஒரு பெண்ணின் பெயர் மறைந்து நிற்கிறது.

தமிழில் காக்கையைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். சகுனம், பித்ரு, சனியின் வாகனம், ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டு, பகிர்ந்துண்ணும் பண்பு என்று அவை விரியும். குறளில் 527 காக்கையைச் சுற்றம் தழுவுவதற்கு உதாரணமாக்குகிறது. 481 அதே காக்கையைக் காலம் அறிதலுக்கு உதாரணமாக்குகிறது. இவற்றையெல்லாம் தொகுத்துச் சொல்லும் கட்டுரைகளை நானும் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் எனக்குக் கிடைக்காத ஒன்று உண்டு. காக்கை வரும் இடத்தில் ஏன் இத்தனை முறை ஒரு பெண் நிற்கிறாள்? காத்திருப்பவள், சோறு வைப்பவள், காயம் பட்டவள், விலக்கி வைக்கப்பட்டவள், வசவு வாங்குகிறவள். காக்கையைக் குறியீடு என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணைப் பின்னணி ஆக்கிவிடுவது நம் திறனாய்வின் பழைய பழக்கம். இந்தக் கட்டுரையில் நான் அவளைப் பார்க்க முயல்கிறேன்.

முதலில் நச்செள்ளையாருக்கு அந்தப் பெயரைத் தந்த பாட்டு. குறுந்தொகை 210. பிரிந்து போன தலைவன் திரும்பி வந்திருக்கிறான். அவன் இல்லாத காலத்தில் தலைவியை ஆற்றியிருக்கச் செய்தவள் தோழி. நன்றாக ஆற்றுவித்தாய் என்று அவன் அவளைப் பாராட்டுகிறான். அதற்குத் தோழி சொல்லும் மறுமொழிதான் பாட்டு. பெருமை எனக்கில்லை, விருந்து வரும் என்று கரைந்த காக்கைக்கே என்கிறாள். நள்ளியின் காட்டிலுள்ள ஆயர்களின் பல பசுக்கள் தந்த நெய்யை ஊற்றி, தொண்டியில் விளைந்த வெண்ணெல் சோற்றை ஏழு கலங்களில் ஏந்திக் கொடுத்தாலும் அந்தக் காக்கைக்குச் சிறிதே என்கிறாள்.

இதைத் தோழியின் அடக்கம் என்று உரை சொல்லி முடிப்பது எளிது. எனக்கு இது ஒரு கணக்காகத் தெரிகிறது. ஒருவனைப் பிரிந்து தோள் மெலிந்து கிடந்த பெண்ணை நாள்தோறும் உண்ண வைத்து, உறங்க வைத்து, அவன் வருவான் என்று நம்ப வைத்தது ஒரு உழைப்பு. திரும்பி வந்தவன் அதை ஒரு பாராட்டுச் சொல்லால் தீர்த்துவிடப் பார்க்கிறான். தோழி அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ளவில்லை. கடன் இவ்வளவு என்று அளந்து காட்டுகிறாள்: ஒரு காடு நிறைந்த மாடுகளின் நெய், ஒரு ஊர் முழுதும் விளைந்த நெல், ஏழு கலம். இத்தனையும் காக்கைக்கே போதாது என்றால், கூட இருந்து ஆற்றியவளுக்கு எவ்வளவு? அதை அவள் சொல்லவில்லை. காக்கையின் பெயரால் தன் உழைப்பின் விலையைத் தலைவன் காதில் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறாள். எசமானரிடம் நேராகக் கூலி கேட்க முடியாத பெண்கள் இன்றும் பேசுகிற முறை இது.

இதே நச்செள்ளையார் பாடிய இன்னொரு பாட்டு புறநானூறு 278. நரம்பெழுந்து தோள் உலர்ந்த முதியவள் ஒருத்தி. அவள் மகன் போரில் முதுகு காட்டினான் என்று பலரும் வந்து சொல்கிறார்கள். அது உண்மையானால் அவன் பால் குடித்த முலையை அறுத்தெறிவேன் என்று சினந்து, வாளை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போகிறாள். பிணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறாள். வெட்டுண்டு சிதறிக் கிடக்கும் மகனைக் காண்கிறாள். அவனைப் பெற்ற நாளைவிட அதிகம் மகிழ்கிறாள்.

பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்கு இந்தப் பாட்டு வீரத்தாயின் பாட்டாகச் சொல்லித்தரப்படுகிறது. மேடைகளில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்காத பேச்சாளர் குறைவு. அகத்தில் ஒன்று, புறத்தில் ஒன்று என்று பாடத்திட்டம் பிரித்து வைத்திருப்பதால் இரண்டையும் ஒரே கை எழுதியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் இரண்டு பாட்டையும் ஒரே நாளில் எடுத்தேன். பின்வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள்: "அம்மா, ரெண்டுலயும் சேதி சொல்ல வேற யாரோதானே வர்றாங்க?" அந்தக் கேள்விக்குப் பிறகு என்னால் இந்தப் பாடல்களைத் தனித்தனியாகப் படிக்க முடியவில்லை.

அவள் சொன்னது சரி. போரும் பொருளும் தேடி ஆண்கள் போய்விட்ட வீட்டில் பெண்ணுக்குச் செய்தி தானாக வராது. யாராவது கொண்டுவர வேண்டும். ஒரு பாட்டில் காக்கை கொண்டுவருகிறது. மற்றதில் ஊர் கொண்டுவருகிறது. காக்கையின் சொல்லைப் பெண்கள் நம்புகிறார்கள், அது பொய்க்கவில்லை. ஊரின் சொல்லை முதியவள் நம்பவில்லை. தானே நடந்து போய், தன் கையால் புரட்டி, தன் கண்ணால் பார்க்கிறாள். ஊர் சொன்னது பொய்த்துப்போகிறது. அவள் மகிழ்ந்தாள் என்ற கடைசிச் சொல்லிலேயே நாம் நின்றுவிடுகிறோம். அதற்கு முன் அவள் செய்த வேலையைப் பார்ப்பதில்லை. எத்தனை உடல்கள், எத்தனை பேருடைய பிள்ளைகள், ஒவ்வொன்றையும் திருப்பி முகம் பார்ப்பது எவ்வளவு நேரம் பிடித்திருக்கும். அந்தக் களத்தில் காக்கை என்று ஒன்று வந்திருந்தால் அது விருந்து வரக் கரைவதற்காக வந்திருக்காது. நச்செள்ளையார் அதைப் பாட்டில் வைக்கவில்லை. விருந்தை அறிவித்த காக்கையைப் பாடியவர் பிணம் தின்ன வரும் காக்கையைப் பாடாமல் விட்டதை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. அந்த முதியவளுக்கும் அவள் மகனுக்கும் இடையில் வேறு எந்த உயிரையும் அவர் அனுமதிக்கவில்லை.

பதிற்றுப்பத்தில் இவர் பாடியது ஆறாம் பத்து. பாட்டுடைத் தலைவன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதன். நமக்குக் கிடைத்த எட்டுப் பத்துகளில் பெண் பாடியது இது ஒன்றுதான். பதிகம் பரிசைக் குறிப்பிடுகிறது. அணிகலன் செய்துகொள்ள ஒன்பது காப் பொன்னும், நூறாயிரம் காணமும் தந்து, அரசன் அவரைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான் என்கிறது. ஏழாம் பத்துப் பாடிய கபிலருக்கும் நூறாயிரம் காணம்தான்; அதோடு மலைமேல் நின்று கண்ணுக்கு எட்டிய நிலம். காசில் இருவரும் சமம். அதற்கு மேல் தந்ததில் அவருக்கு நிலம், இவருக்கு நகை. அரசன் பக்கத்தில் வைத்துக்கொண்டதை அவைப் புலவராக்கியதாகக் கொள்ளும் உரை உண்டு; வேறு விதமாக ஊகிப்பவர்களும் உண்டு. கபிலர் அரசனுக்கு அருகில் இருந்தார் என்றால் அதை நட்பு என்று படிக்கிற நாம், நச்செள்ளையார் அருகில் இருந்தார் என்றதும் ஏன் வேறொன்றைத் தேடத் தொடங்குகிறோம் என்பதை நம்மிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சங்கத்தில் இன்னொரு காக்கை உண்டு. ஐங்குறுநூறு 391. மறுதரவுப் பத்தின் முதல் பாட்டு. ஓதலாந்தையார் பாடியது, பேசுபவள் தாய். மகள் தான் விரும்பியவனோடு போய்விட்டாள். தாய் காக்கையிடம் நேர்ந்துகொள்கிறாள். உன் சுற்றத்தோடு வயிறார உண்ணப் பச்சூன் கலந்த சோற்றைப் பொற்கலத்தில் தருகிறேன், அந்த வீரனோடு என் மகள் வரும்படி கரைவாயாக என்கிறாள்.

நான் நிறுத்திப் படிப்பது அந்த 'அவனோடு' என்ற இடத்தில். மகளை மட்டும் கொண்டுவா என்று தாய் கேட்கவில்லை. அவனை விட்டுவிட்டு வா என்றும் சொல்லவில்லை. இருவருக்கும் சேர்த்துத்தான் வேண்டுதல். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், ஆள் நடமாட்டமுள்ள சாலையில், சாதி மாறித் திருமணம் செய்த இணையர் வெட்டப்பட்டதையும் அதில் கணவன் இறந்ததையும் நாம் காணொளியில் பார்த்தோம். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை வேறு. இந்தப் பாட்டை அப்படிப்பட்ட செய்தி வந்த வாரங்களில் நடத்த வேண்டியிருந்திருக்கிறது. உடன்போக்கு என்பதைத் தமிழரின் பெருமைமிக்க அகமரபு என்று சொல்லும் அதே வாய் வீட்டுக்குப் போனதும் என்ன சொல்கிறது என்று வகுப்பில் உள்ள பெண்களுக்குத் தெரியும். சங்கத் தாயை ஒரு இலட்சியமாக்கி நிற்க வைக்க நான் விரும்பவில்லை. அவளுக்கும் வேறு வழி இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் காக்கையிடம் கேட்டது ஒரு வரவு. ஒரு உயிரை அல்ல. அந்த வித்தியாசம் வகுப்பில் சொல்லப்பட வேண்டும்.

காக்கை வரவை அறிவிக்கும் பறவையாக மட்டும் இருந்துவிடவில்லை. இராமாயணத்தில் அது தாக்குகிறது. காகாசுரன் கதை நமக்குத் தெரியும். சித்திரகூடத்தில் இந்திரன் மகன் காக்கை உருவில் வந்து சீதையின் மார்பைக் கொத்துகிறான். இராமன் புல்லை எடுத்து அம்பாக ஏவுகிறான். மூன்று உலகமும் சுற்றிப் புகலிடம் கிடைக்காமல் காக்கை இராமனிடமே வந்து விழுகிறது. உயிர் தப்புகிறது, ஒரு கண் போகிறது. காக்கைக்கு ஒரு கண்தான் என்ற நம்பிக்கைக்கு இதுவே கதை. கோயில் சொற்பொழிவுகளில் இது சரணாகதியின் பெருமையாகச் சொல்லப்படுகிறது.

இந்தக் கதையை யார் சொல்கிறார்கள்? வால்மீகியிலும் கம்பனிலும் இதைச் சொல்பவள் சீதை. அசோகவனத்தில் அனுமனிடம், தன்னைக் கண்டதற்கு அடையாளமாக அவள் இதைச் சொல்லி அனுப்புகிறாள். கணவனுக்கும் தனக்கும் மட்டுமே தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் தேர்ந்தெடுப்பது தன் உடலில் பட்ட காயத்தை. வால்மீகியில் அவள் இன்னும் சில சொல்கிறாள். காக்கையோடு போராடித் தன் ஆடை நெகிழ்ந்தபோது இராமன் முதலில் சிரித்தான் என்கிறாள். கோபமும் வெட்கமுமாகத் தான் நின்றதைச் சொல்கிறாள். கடைசியில் ஒரு கேள்வி கேட்கிறாள். எனக்காக ஒரு சாதாரணக் காக்கைமீது பிரம்மாத்திரத்தை ஏவியவன், என்னைத் தூக்கிவந்தவனை ஏன் பொறுத்துக்கொண்டிருக்கிறான்?

இந்தக் கேள்விதான் அந்தக் கதையின் நோக்கம். காக்கை மன்னிக்கப்பட்டது அல்ல. ஆனால் பின்வந்த மரபில் கேள்வி கேட்டவள் ஒதுங்கி, மன்னிப்புப் பெற்ற காக்கை முன்னால் வருகிறது. பிள்ளை லோகாசாரியர் இதை இன்னொரு பக்கம் திருப்புகிறார். பிராட்டி அருகில் இருந்ததால் காக்கை பிழைத்தது, அவள் அருகில் இல்லாததால் இராவணன் அழிந்தான் என்பது அவர் விளக்கம். பரிந்துரைக்கும் தாயாகச் சீதையை உயர்த்துகிற அழகான விளக்கம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். காயம் பட்டவளே காயப்படுத்தியவனுக்குப் புகலிடம் ஆகிறாள். அவள் பக்கத்தில் இருந்தாலே போதும், குற்றவாளி தப்பிவிடுவான். நம் வீடுகளில், பணியிடங்களில், புகார்க் குழுக்களின் முன் பெண்களிடம் எதிர்பார்க்கப்படுவது இதுதான். நீ பெரிய மனசு பண்ணும்மா. ஒரு கண் போனதே அவனுக்குப் போதாதா?

காக்கையைக் கொடியாகப் பிடித்த ஒரு பெண் தெய்வமும் நம்மிடம் இருந்தாள். சேட்டை, தவ்வை, முகடி, மூதேவி என்று அவளுக்குப் பல பெயர்கள். வடமொழியில் ஜ்யேஷ்டை. இவற்றில் பலவற்றுக்கு அடிப்பொருள் மூத்தவள் என்பதே, திருமகளின் அக்காள். பெருத்த வயிறும் கனத்த மார்பும் கொண்டு, கால்களைத் தொங்கவிட்டு அகல உட்கார்ந்திருப்பாள். ஒரு பக்கம் மாட்டு முகம் கொண்ட மகன், மறு பக்கம் மகள், அருகில் காக்கைக் கொடி. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் அவளைக் காணலாம். எந்த ஆணின் மடியிலும் இல்லாமல், யார் காலையும் பிடிக்காமல், ஒல்லியாக இருக்க வேண்டும் என்ற கவலையின்றி உட்கார்ந்திருக்கும் பெண் சிற்பங்கள் நம் கோயில்களில் அதிகம் இல்லை. அதனால்தானோ என்னவோ முதன்முறை பார்த்தபோது அவளை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

திருப்பரங்குன்றத்தில் ஒரு எட்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பாண்டிய மன்னனின் சாமந்தனாக இருந்த சாத்தன் கணபதி அங்கே திருப்பணி செய்ததைச் சொல்லும் அது, அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டையாருக்கும் கோயில் செய்ததையும் சொல்கிறது. ஒரு பெண், தன் பெயரைக் கல்லில் பொறித்து, காக்கைக் கொடியாளுக்குக் கோயில் எடுத்திருக்கிறாள். 'சேட்டையார்' என்ற அந்த மரியாதை விகுதியைக் கவனியுங்கள்.

அதே சமூகத்தில் எதிர்க்குரலும் இருந்தது. குறள் 167 பொறாமைக்காரனைத் திருமகள் தன் தவ்வையிடம் காட்டிவிடுவாள் என்கிறது; 617 சோம்பலில் முகடி வாழ்கிறாள் என்கிறது. தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில் சேட்டையிடம் செல்வம் எதிர்பார்ப்பவர்களைக் கேலி செய்கிறார். கேலி செய்யும் அளவுக்கு அவளை வணங்கியவர்கள் இருந்தார்கள் என்பதற்கும் அதுவே சாட்சி. பின்னர் அவள் வழிபாடு மங்கியது. சேட்டையார் என்றிருந்தவள் மூதேவி என்ற வசவானாள். இன்று அந்தச் சொல் பெரும்பாலும் பெண்ணைத் திட்டுவதற்கே பயன்படுகிறது. காலையில் தாமதமாக எழுந்தவள், தலை வாராதவள், விளக்கு வைத்த நேரத்தில் படுத்திருப்பவள், எதிர்த்துப் பேசுபவள் எல்லாரும் மூதேவி. வட இந்தியச் சாக்த மரபில் தூமாவதி என்ற தெய்வமும் காக்கைக் கொடியோடு வருகிறாள், அவள் விதவை. மூத்தவள், விதவை, அலங்காரம் இல்லாதவள் என்று ஒதுக்கியவர்களையெல்லாம் கொண்டுபோய்க் காக்கையின் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறோம்.

காக்கைக்கு எப்போது சோறு வைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். திதி நாளில் விடியற்காலையில் எழுந்து குளித்து, ஈரத்தோடு சமைப்பவள் பெண். பிண்டம் வைப்பது பெரும்பாலும் ஆண். காக்கை வந்து தொட்டால்தான் மற்றவர்கள் சாப்பிடலாம். தாமதமானால் சமைத்தவள்தான் கடைசி வரை பசியோடு நிற்பாள். எங்கே என்ன குறை வைத்தாய் என்ற பார்வையும் அவள்மீதுதான் விழும். பொங்கலுக்கு மறுநாள் சில சமூகங்களில் பெண்கள் மஞ்சள் இலையில் வண்ணச் சோற்று உருண்டைகளைக் காக்கைக்கு வைக்கும் கனுப்பிடி, உடன்பிறந்த ஆண்களின் நலனுக்காக. அக்கா தங்கைகளின் நலனுக்கு அண்ணன் தம்பிகள் காக்கைக்குச் சோறு வைக்கும் நாள் ஒன்று நம் நாட்காட்டியில் இல்லை.

மாதவிலக்கான பெண் ஏன் தனியே உட்கார்ந்திருக்கிறாள் என்று குழந்தை கேட்டால், காக்கை தொட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளிக்கும் வழக்கு மராத்தியில் உண்டு. கன்னடத்திலும் அந்த வழக்கைக் கேட்கலாம். இங்கேயும் சில வீடுகளில் நான் கேட்டிருக்கிறேன். பிண்டத்தைக் காக்கை தொட்டால் முன்னோருக்கு நிறைவு. பெண்ணைக் காக்கை தொட்டால் தீட்டு. ஒரே பறவை, ஒரே மூக்கு. 2012இல் வந்த 'காக்ஸ்பர்ஷ்' என்ற மராத்திப் படம் இந்த இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. மகேஷ் மஞ்ச்ரேக்கர் இயக்கியது. திருமணமான கையோடு இளைஞன் இறந்துபோகிறான். அவன் பிண்டத்தைக் காக்கை தொட மறுக்கிறது. அண்ணன் அருகே போய் ஏதோ முணுமுணுத்த பிறகு தொடுகிறது. அந்தச் சிறு பெண்ணை வேறு எந்த ஆணும் தொடமாட்டான் என்பதே அவன் கொடுத்த வாக்கு. இறந்தவனுக்கும் உயிரோடிருப்பவனுக்கும் இடையே நடந்த ஒப்பந்தத்துக்குக் காக்கை சாட்சி. யாருடைய உடலைப் பற்றிய ஒப்பந்தமோ அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவள் வாழ்வு முழுவதையும் அந்த முணுமுணுப்பு ஆள்கிறது.

குழந்தைகளுக்கு நாம் சொல்லும் கதைக்கு வருவோம். பாட்டி வடை சுட்ட கதை. ஈசாப் கதையில் காக்கையும் நரியும்தான் உண்டு. காக்கையின் வாயில் இறைச்சியோ பாலாடைக்கட்டியோ எங்கிருந்தோ வந்த ஒன்று. தமிழுக்கு வந்தபோது நம் மக்கள் அதில் ஒரு உழைக்கும் பெண்ணைச் சேர்த்தார்கள். மரத்தடியில் அடுப்பு மூட்டி வடை சுட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி. உலகக் கதைக்குத் தமிழர் செய்த மிக நல்ல திருத்தம் அது என்று நினைக்கிறேன். உணவு வானத்திலிருந்து விழுவதில்லை, யாரோ ஒருத்தி உளுந்து ஊறவைத்து ஆட்டி எண்ணெயில் வெந்து எடுத்தது என்று கதை தொடங்குகிறது. பிறகு என்ன ஆகிறது? காக்கை வடையைத் தூக்குகிறது. நரி பாடச் சொல்கிறது. வடை விழுகிறது. நீதி: முகத்துதிக்கு மயங்காதே. புதிய வடிவத்தில் காக்கை வடையைக் காலில் வைத்துக்கொண்டு பாடுகிறது. நீதி: புத்திசாலியாக இரு. இரண்டு வடிவத்திலும் பாட்டி திரும்ப வருவதில்லை. திருடியவனுக்கும் ஏமாற்றியவனுக்கும் இடையே யார் கெட்டிக்காரர் என்பதே கேள்வி ஆகிவிடுகிறது. அவளுடைய ஒரு வடையின் விலை கதைக்குள் வருவதே இல்லை. மூன்று வயதில் கேட்கும் முதல் கதையிலேயே ஒரு கிழவியின் உழைப்பை மறக்கப் பழகிக்கொள்கிறோம்.

கடைசியாக நிறம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது பழமொழி. தாயன்பைப் புகழ்வதாக எடுத்துக்கொள்கிறோம். அதற்குள் ஒரு எள்ளல் இருக்கிறது: குஞ்சு அழகில்லை, தாய்க்குத்தான் அப்படித் தெரிகிறது. கறுத்த பெண்குழந்தையைக் காக்கா என்று கூப்பிடாத தெரு நம் ஊர்களில் குறைவு. பாரதி நந்தலாலா பாட்டில் காக்கையின் சிறகில் கண்ணனின் கரிய நிறத்தைக் கண்டான். கண்ணனுக்கு அழகான கறுப்பு, பெண் பார்க்க வந்த இடத்தில் குறையாகிவிடுகிறது. 1975இல் சந்தைக்கு வந்த சிவப்பழகுக் களிம்பு தன் பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுக்க 2020 வரை ஆயிற்று. பெயர் மாறியது, பெண் பார்க்கும் கண்கள் அவ்வளவு எளிதில் மாறவில்லை.

காக்கையோடு எப்போதும் ஒப்பிடப்படுவது குயில். அதுவும் கறுப்புதான், குரலால் உயர்ந்தது என்பார்கள். குயிலைப் பெண்ணாகவே கவிஞர்கள் பாடினார்கள். பாரதியின் குயில் பாட்டு வரை அப்படித்தான். ஆனால் நாம் கேட்டு மயங்கும் அந்தக் கூவல் ஆண்குயிலுடையது. கறுப்பும் அதற்கே உரியது. பெண்குயில் பழுப்பில் வெண்புள்ளி கொண்டது. அது காக்கைக் கூட்டில் முட்டையிடும். அடைகாத்து, இரை தேடி, ஊட்டி வளர்ப்பது காக்கை. வளர்த்தவளின் குரல் கரகரப்பு, வளர்ந்து பறந்துபோனதன் குரல் இசை. பிறர் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த ஆயாக்களையும், சின்னம்மாக்களையும், திருமணம் ஆகாமல் அண்ணன் வீட்டில் தங்கிவிட்ட அத்தைகளையும் நினைக்காமல் என்னால் இதை எழுத முடியவில்லை. பறவைக்குப் பால் பேதம் பார்த்து நியாயம் கேட்கவில்லை நான். இயற்கையைப் பார்த்துக் கவிதை செய்தவர்கள் எதைக் கேட்டார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

இத்தனையும் வைத்துக்கொண்டு காக்கை பெண்ணின் குறியீடு என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அப்படி எழுத நான் விரும்பவில்லை. குறியீடு என்றதும் பெண் மறுபடியும் கரைந்துபோகிறாள். காக்கை காக்கையாகவே இருக்கட்டும். அது வந்து உட்காரும் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பவளைப் பார்ப்போம். நச்செள்ளையார் அதைச் செய்தார். அவர் பாட்டில் காக்கை வரவை மட்டுமே சொல்கிறது. அந்த வரவுக்கு ஈடு என்ன என்று அளப்பவள் ஒரு பெண். மெலிந்த தோள் இன்னொரு பெண்ணுடையது.

சங்கப் பாடலை நடத்தும்போது திணை, துறை, கூற்று என்று மூன்றைக் கேட்டுப் பழகியிருக்கிறோம். என் மாணவிகளிடம் இப்போது நான்காவதாக ஒன்றையும் கேட்கிறேன். இந்தப் பாட்டில் சோறு வருகிறதா? வந்தால் அதை யார் சமைத்தார்கள்? குறுந்தொகை 210க்கு அவர்கள் எழுதிய விடைகளில் ஏழு கலச் சோற்றுக்கு எத்தனை படி அரிசி என்ற கணக்கு இருந்தது, எத்தனை குடம் தண்ணீர் என்று இருந்தது. ஒருத்தி, அந்தச் சோற்றை வடித்துத் தர மறுபடியும் தோழிதானே போக வேண்டும் என்று எழுதியிருந்தாள். விடைத்தாளில் புலவர் பெயர் எழுதும் இடத்தில் நச்செள்ளையார் என்று மட்டும் எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.